தீவினர் தாங்குதிறன்

ஒரு புள்ளி விழுந்து, ஓர் எழுத்து முளைத்தது. நீடித்த சுற்றுலாச் சட்டத்தின் நான்காம் பிரிவில் நடந்தது அவ்வளவுதான். வல்லுநர் குழு பதினொரு மாதம் கூடிப் பேசி எழுதிக்கொடுத்த வரி, "தீவின் தாங்குதிறன் ஆண்டுதோறும் அளக்கப்பட்டு, அதற்கேற்ப வருகையாளர் எண்ணிக்கை வரையறுக்கப்படும்" என்பது. அரசிதழில் அச்சாகி வந்த வரியோ "தீவினர் தாங்குதிறன்" என்று தொடங்கியது. முதல் வரியின்படி அளக்கப்பட வேண்டியவை கிணறுகள், கடற்கரை மணல், கழிவுநீர்க் குழாய்கள், பவளப்பாறை. இரண்டாம் வரியின்படி அளக்கப்பட வேண்டியவர்கள் அங்கே குடியிருப்பவர்கள். அவர்களால் எவ்வளவு பொறுத்துக்கொள்ள முடியும் என்பதே அளவு.

இந்த வேறுபாட்டை முதலில் கவனித்தவர் நிலத்தடி நீர் நிபுணர். நீடித்த சுற்றுலா வாரியத்தின் தலைவரிடம் அவர் அதைச் சுட்டிக்காட்டியபோது தலைவர் பிழையை மறுக்கவில்லை, வியந்தார்.

"கிணத்த அளந்தா கிணறு வத்திப்போச்சுன்னு தெரியும். தெரிஞ்சா நாம ஏதாவது செஞ்சாகணும். மனுஷன அளந்தா அந்தத் தொல்லையே இல்ல பாருங்க. மனுஷன் வத்த மாட்டான். இது பிழை இல்ல சார், கண்டுபிடிப்பு!"

மேலும், அரசிதழில் ஓர் எழுத்தை மாற்றத் திருத்தச் சட்டம் வேண்டும். திருத்தச் சட்டத்துக்கு வல்லுநர் குழு வேண்டும். வல்லுநர் குழு தங்குவதற்கு அறைகள் வேண்டும். பருவகாலம் முடியும்வரை தீவில் அறை கிடையாது. பருவகாலம் முடிவதில்லை என்பது வாரியத்தின் முதன்மைச் சாதனை. நிபுணர் நீண்டகாலப் பயிற்சிக்காக வேறொரு நாட்டுக்கு அனுப்பப்பட்டார். கிணறுகளில் அவர் பொருத்தியிருந்த அளவுகோல்கள் கழற்றப்பட்டு, வாரியத்தின் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு வெளிச்சத்தோடு வைக்கப்பட்டன.

தீவினர் அனைவரையும் அளப்பது காகித விரயம். காகித விரயம் நீடித்த தன்மைக்கு எதிரானது. ஆகவே சராசரித் தீவினர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவரை மட்டும் அளந்து, வந்த விடையை எல்லோருக்கும் பொருத்திவிடலாம் என்று வாரியம் முடிவுசெய்தது. கணினி தேர்ந்தெடுத்தது. சராசரி உயரம், சராசரி வயது, ஒரு மனைவி, ஒரு குழாய்.

அந்த மனிதர் மேட்டில் இருந்த பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தவர். அந்த ஓட்டலின் ஒவ்வொரு குளியலறையிலும் பச்சை நிற அட்டை ஒன்று தொங்கும்: "துண்டை மாட்டிவைத்தால் மீண்டும் பயன்படுத்துவீர்கள் என்று பொருள். தரையில் போட்டால் மாற்றித் தருவோம். பூமி உங்கள் கையில்." மாட்டிய துண்டும் போட்ட துண்டும் ஒரே தள்ளுவண்டியில் ஏறி அவரிடம்தான் வந்தன. ஒரு குளியலறைக்கு நான்கு நிமிடம் மட்டுமே பெற்றிருந்த துப்புரவுப் பெண்களுக்குத் துண்டின் உட்கருத்தை ஆராய அவகாசம் இருந்ததில்லை.

அவரை எல்லோரும் "பரவால்ல" என்றே கூப்பிட்டார்கள். இஸ்திரி உருளையில் சுண்டுவிரல் சிக்கி நகம் பெயர்ந்த அன்று மேலாளர் ஓடி வந்தார். வலி மூளைக்குப் போய்ச் சேரும் முன்பே "பரவால்ல சார்" வாய்க்கு வந்து சேர்ந்துவிட்டது. பெயர் அன்றிலிருந்து நிலைத்தது. கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று அவருடைய மனைவி கேட்டபோதும் அவர் இதையேதான் சொல்லியிருந்தார். அந்த வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

தேர்வுக் கடிதத்தை அளவை அதிகாரி நேரிலேயே கொண்டுவந்தார். மறுசுழற்சிக் காகிதம், அது நனையாமல் இருக்க மூன்று பிளாஸ்டிக் உறைகள். கூடவே ஒரு மரக்கன்று. அதை நடுவதற்கு அந்தச் சந்தில் மண் என்று எதுவும் இல்லாததால், படம் எடுத்துக்கொண்டு அதிகாரி கன்றைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

கடிதத்தின் பின்னிணைப்பைப் பரவால்லவின் மனைவிதான் படித்தாள். ஓட்டல் ஊழியர்களுக்குச் சீருடை தைப்பவள். எந்தத் துணியையும் முதலில் உள்பக்கம் திருப்பிப் பார்ப்பவள். நாளொன்றுக்கு ஐந்து கப்பல்கள் வருகின்றன. தீவினருக்குத் தாங்குதிறன் மிச்சமிருப்பதாக அளவில் தெரிந்தால் ஆறாவது கப்பல் அனுமதிக்கப்படும். ஆறாவது கப்பலின் பேருந்துகள் திரும்புவதற்கு இடம் வேண்டும். அதற்காகத் துறைமுகத்தின் பின்னால் உள்ள பதினொரு வீட்டுச் சந்து விடுவிக்கப்படும். அவர்கள் நின்றுகொண்டிருந்தது அந்தச் சந்தின் நான்காவது வீட்டில்.

"விடுவிக்கிறதுன்னா என்னங்க?" என்று கேட்டாள்.

"உங்ககிட்ட இருந்து சந்த விடுவிக்கிறதுங்க" என்றார் அதிகாரி, பள்ளி ஆசிரியையின் பொறுமையுடன்.

"தாங்காதுன்னு அளவு வந்தா?"

"அப்ப கப்பல் வராது. சந்து இப்படியே இருக்கும். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தல. எல்லாம் சார் வாய்லதான் இருக்கு." சொல்லியபடியே அதிகாரி தம் கைப்பையை எடுக்க, அதன் வார் மாட்டி மேசைமேல் இருந்த தண்ணீர்க் குடம் கவிழ்ந்தது. மூன்று நாளைக்கு ஒருமுறை குழாயில் வரும் தண்ணீர். அது இரண்டாம் நாள். "ஐயோ, மன்னிச்சுக்குங்க சார்!"

"பரவால்ல" என்றார் சார்.

மனைவி கண்களை மூடிக்கொண்டாள். அதிகாரி தம் பலகையில் எதையோ குறித்துக்கொண்டார்.

பயிற்சி மறுநாளே தொடங்கியது. பயிற்றுநர்கள் இருவர்: மனைவி, அவளுடைய தம்பி. தம்பி, அடிப்பாகத்தில் கண்ணாடி வைத்த படகில் வருகையாளருக்குக் கடலடியைக் காட்டுபவர். காட்டுவதற்குக் கடலடியில் இப்போது ஒன்றும் மிச்சமில்லாததால், கண்ணாடியின் வெளிப்புறத்தில் பிளாஸ்டிக் மீன்கள் நான்கை ஒட்டிவைத்திருந்தார். குறை சொன்னவர் எவருமில்லை. மீன்கள் ஒருபோதும் விலகி ஓடாததைப் பலர் பாராட்டியிருக்கிறார்கள்.

"சொல்லுங்க. முடியாது" என்றாள் மனைவி.

"முடி... கொஞ்சம் கஷ்டம்தான்."

"கஷ்டம் வேண்டாம். முடியாது."

"மூஞ்சிக்கு நேரா அப்படிச் சொன்னா அந்த அம்மா மனசு என்ன பாடுபடும்?"

"மச்சான்!" என்றார் படகுக்காரர். "நீங்க இருக்கிற வீடே போகப்போகுது. நீங்க அந்த அம்மா மனசுக்குத் தலகாணி வெச்சுக்கிட்டிருக்கீங்க. எங்க, கால நீட்டுங்க." நீட்டிய காலின் பெருவிரலைத் தம் செருப்பால் நன்றாக மிதித்தார். "அடடா, தெரியாம மிதிச்சிட்டேன் மச்சான். மன்னிச்சுக்குங்க."

"பர..."

மனைவியின் மரஅளவுகோல் மேசையில் இறங்கியது.

"மறுபடி மிதிடா."

நான்கு நாள் மிதித்ததில் பெருவிரல் கறுத்தது, சொல் வெளுக்கவில்லை. பத்து முறைக்கு இரண்டு முறை "முடியாது" வந்தது. மிச்சம் எட்டு முறையும் பழைய சொல்லே, அதுவும் மிதித்தவருக்கு ஆறுதல் சொல்லும் குரலில். "அக்கா, என் கால்தான் வலிக்குது" என்று படகுக்காரர் உட்கார்ந்துவிட்டார். மனைவி ஒரு சீருடைக் கையை முழுதாகத் தைத்து முடித்தாள். பிறகு தையல் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"ஏங்க, அந்தச் சொல்லு உங்க வாய்ல தானா வருது. அத நிறுத்தவே முடியாது, விட்ருவோம். ஆனா அந்தச் சொல்லுக்குள்ளயே ஒரு 'இல்ல' ஒளிஞ்சிருக்கு, பாத்தீங்களா? பரவா... இல்ல. அந்த இல்லயப் பிரிச்சுத் தூரப் போட்டுடுங்க. 'பரவா'ன்னு வாய் ஆரம்பிக்கட்டும். அங்கயே நிறுத்தி 'இருக்கு'ன்னு முடிங்க."

"பரவா இருக்கு?"

"பரவா இருக்கு. கஷ்டம் இருக்கு, கவல இருக்கு, தாங்க முடியாத எல்லாமே இருக்கு. எங்க, சொல்லுங்க."

"பரவா இருக்கு" என்றார். சொன்னவுடன் தாமே திடுக்கிட்டுத் திறந்திருந்த கதவைப் பார்த்தார். படகுக்காரர் மிதித்தார். "பரவா இருக்கு!" மீண்டும் மிதித்தார். "பரவா இருக்குடா!" துணியை மாற்றாமல் மடிப்பை மட்டும் பிரித்து வேறிடத்தில் தைக்கும் தையல்காரியின் தீர்வு அது. பத்துக்குப் பத்து பலித்தது. அன்று அவர் சலவைக்கூடத்துக்கு நடந்து போனபோது வழியெல்லாம் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

அளவீடு மூன்று நாள் நடந்தது. முதல் நாள் ஒலி. விடியற்காலை தொடங்கி, கல் பாவிய அந்தச் சந்தில் சக்கரம் வைத்த சூட்கேஸ்கள் உருண்டு ஏறின, உருண்டு இறங்கின. வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்த அளவை அதிகாரி ஆயிரத்து நூற்று நாற்பது வரை எண்ணினார். தலைவலி வந்து காதில் பஞ்சு வைத்துக்கொண்டு மேலும் எண்ணினார். மாலையில் ஒரு படிவத்தை நீட்டினார். அதில் மூன்று கட்டங்கள் இருந்தன: தாங்குகிறேன், நன்றாகத் தாங்குகிறேன், தாங்கிக்கொண்டே இருக்கிறேன்.

பரவால்ல படிவத்தைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. "தாங்க முடியலங்கிறதுக்குக் கட்டம் எங்க மேடம்?"

"அது முன்னாடி இருந்துதுங்க. அதுல குறி போட்டவங்க எல்லாரும் தீவ விட்டுப் போயிட்டாங்க. இப்ப இருக்கிறவங்கள்ல ஒருத்தருக்கும் அது பொருந்தாததால எடுத்துட்டோம்."

பரவால்ல வெகுநேரம் யோசித்தார். பிறகு எந்தக் கட்டத்திலும் குறியிடாமல் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். வாழ்க்கையில் அவர் செய்த முதல் கலகம் அது. அதிகாரி அதை, "மூன்றில் எதைத் தேர்வது என்று திணறும் அளவுக்குத் தாங்குகிறார்" என்று பதிந்தார்.

இரண்டாம் நாள் தண்ணீர். அன்று முறை நாள். நாற்பது நிமிடம் வரவேண்டும். பதினோராம் நிமிடத்தில் குழாய் இருமிவிட்டு அடங்கியது. மேட்டு ஓட்டலின் நீச்சல்குளத்தில் வருகையாளர் ஒருவர் ஓர் இலையைக் கண்டதால் குளம் முழுவதையும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். பதினொரு நிமிடத் தண்ணீரில் அந்த வீடு எப்படி மூன்று நாள் ஓடுகிறது என்பதை அதிகாரி கவனமாகக் குறித்தார்: பாத்திரம் கழுவிய நீர் துணிக்கு, துணி அலசிய நீர் தரைக்கு, தரை துடைத்த நீர் கழிப்பறைக்கு. "அற்புதம்!" என்றார் மனப்பூர்வமாக. முடிவுப் பத்தியில், இந்தக் குடும்பத்திடம் முறை ஒன்றுக்கு இருபத்தொன்பது நிமிடத் தண்ணீர் உபரியாக இருப்பது கண்டறியப்பட்டது என்று எழுதினார்.

மூன்றாம் நாள் சந்திப்பு. வருகையாளர் குடும்பம் ஒன்று திறந்திருந்த கதவு வழியாக உள்ளே வந்தது. "உண்மையான தீவு வாழ்க்கையைக் காணுங்கள்" என்று வாரியத்தின் வழிகாட்டி நூலில் அந்தச் சந்தின் படம் இருந்ததை அவர்கள் நம்பியதில் தவறில்லை. குடும்பத் தலைவர் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்து, மனம் நிறையாமல் மூடினார். மகள் தையல் இயந்திரத்தின் மிதிகட்டையை மிதித்துப் பார்த்தாள். முதியவர் ஒருவர் கட்டிலில் படுத்து உடனே தூங்கிப்போனார்.

"இது வீடுங்க! நாங்க குடியிருக்கிற வீடு! எந்திரிச்சு வெளிய போங்க!" என்று மனைவி கத்தினாள்.

அவர்கள் பேச்சை நிறுத்தி, முழுவதும் கேட்டு, கைதட்டினார்கள். தூங்கியவரை எழுப்பி இன்னொரு முறை நடத்திக்காட்டச் சொல்ல முடியுமா என்று சைகையால் வேண்டினார்கள். பரவால்ல நாக்கைக் கடித்துக்கொண்டு மூலையில் நின்றார். அளவீடு முடிந்ததும் நடக்கும் வாரியக் கூட்டத்துக்காகச் சொல்லைச் சேமித்துவைக்கும்படி மனைவியின் கட்டளை. அதிகாரி எழுதினார்: "மௌனம். இசைவு."

கூட்டம் மறுநாள், ஓட்டலின் கீழ்த்தளத்தில் வாரியம் வைத்திருந்த அரங்கில் கூடியது. அங்கே இயற்கைக் காற்றுக்காக ஜன்னல்களைத் திறந்துவைத்து, வெப்பம் உள்ளே வராதிருக்கக் குளிர்சாதனத்தையும் முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மேடையில் தலைவர், பக்கத்தில் அளவை அதிகாரி, ஓரத்தில் முப்பதாண்டு அனுபவமுள்ள சுருக்கெழுத்தர். அவர் கையிலிருந்து இலக்கணப் பிழையுள்ள வாக்கியம் ஒன்றுகூட வெளியேறியதில்லை என்று பெயர். சட்டம் அச்சான வாரத்தில் அவர் விடுப்பில் இருந்தார். கடைசி வரிசையில் மனைவியும் படகுக்காரரும். அவர்களைச் சுற்றி மற்றப் பத்து வீட்டுக்காரர்கள். மாதிரித் தீவினரான பரவால்லவுக்கு மட்டும் நாற்காலி இல்லை. நிற்பதும் அளவின் பகுதியே.

தலைவர் பேசினார்.

"நாங்க இந்தத் தீவ உயிரா நேசிக்கிறோம். அதனாலதான் வருஷத்துல ரெண்டு நாள் இங்கயே வந்து தங்குறோம். சில பேர் கேக்கறாங்க, நீடித்த சுற்றுலான்னா என்னன்னு. நீடிக்கணும், அதான். எது நீடிக்கணும்? சுற்றுலா நீடிக்கணும். தீவு நீடிக்கணும்னு சட்டத்துல எங்கயும் இல்ல. நான் ரெண்டு தடவ படிச்சுப் பாத்துட்டேன். குடிக்கிற குழலக் காகிதமா மாத்துனது யாரு? நாம. அந்தக் காகிதக் குழல் எங்கிருந்து வருது? விமானத்துல வருது. அவ்வளவு தூரத்துல இருந்து அக்கறையா வரவழைக்கிறோம். தீவினருக்கும் நான் ஒண்ணு சொல்லிக்கிறேன். நீங்கதான் எங்களோட மூலவளம். மரம் வெட்டினா தீரும், மணல் அள்ளினா தீரும். உங்க பொறுமை இருக்கே, எடுக்க எடுக்க வருது."

இப்படி இரண்டு மணி நேரம். முடிவில் அவர் மாதிரித் தீவினர் பக்கம் திரும்பி, கைகளைக் குவித்தார். "இவ்வளவு நேரம் உங்கள நிக்க வெச்சிட்டோம். எங்களாலதான் உங்களுக்கு எல்லாத் தொந்தரவும். மன்னிச்சுக்கணும்."

சுருக்கெழுத்தர் பென்சிலைத் தாளில் ஊன்றினார். கடைசி வரிசையில் மனைவியின் கை, தம்பியின் மணிக்கட்டில் இறுகியது.

"பரவா..." என்றார் பரவால்ல.

நின்றார். பத்தொன்பது ஆண்டுகளாக வழுக்கிப் போய்க்கொண்டிருந்த இடத்தில் முதல்முறையாகக் கால் ஊன்றினார்.

"...இருக்கு! பரவா இருக்கு! எனக்கு இருக்கு. என் வீட்டுக்காரிக்கு இருக்கு. எங்க சந்துக்கே இருக்கு!"

படகுக்காரர் சீட்டியடித்தார். மற்றப் பத்து வீட்டுக்காரர்களும் எழுந்து நின்று கத்தினார்கள். மனைவி மட்டும் எழவில்லை. முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதாள். நிலுவையில் இருந்த வழக்கு அந்த நிமிடத்தில் தீர்ந்தது போலிருந்தது.

தலைவர் ஓரமாகச் சாய்ந்தார். "என்ன சொல்றாரு?"

"பதட்டத்துல நடுவுல விழுங்கிட்டாரு சார்" என்றார் சுருக்கெழுத்தர். "பரவா இருக்குன்னு ஒரு பிரயோகமே கிடையாது. பரவால்லாம இருக்குன்னு சொல்ல வராரு." கருணையோடு திருத்தினார். நடவடிக்கைக் குறிப்பில் வாக்கியம் இவ்வாறு அமைந்தது: "தமக்கும் தம் மனைவிக்கும் தம் சந்துக்கும் பரவாயில்லாமல் இருப்பதாக மாதிரித் தீவினர் உணர்ச்சி பொங்கத் தெரிவித்தார், தீவினர் எழுந்து நின்று வரவேற்றனர்."

குறிப்பு உரக்க வாசிக்கப்பட்டபோது மனைவி மேடைக்கே ஓடிவந்தாள். "அவர் சொன்னது அது இல்லங்க! எழுதினத மாத்துங்க!"

"அம்மா, குறிப்புல ஏறின ஒரு எழுத்த மாத்தணும்னா அதுக்குக் குழு போடணும்" என்றார் தலைவர் வருத்தத்துடன். "குழு போட்டா அறை வேணும். அறை இல்ல."

"இப்ப நீங்க மாத்தி எழுதினீங்களே!"

"மாத்தலம்மா. திருத்தினேன்" என்றார் சுருக்கெழுத்தர். அவருக்கு உண்மையிலேயே மனம் நொந்திருந்தது. "பிழையோட விட்டிருந்தா நாளைக்குப் படிக்கிறவங்க உங்க வீட்டுக்காரரப் பத்தி என்ன நினைப்பாங்க?"

அப்போதுதான் பரவால்லவுக்கு அந்த இன்னொரு சொல், நான்கு நாள் மிதித்தும் சரியாக வராத சொல், தானாகவே வந்தது. "முடியாது" என்றார். "முடியாது, முடியாது, முடியாது!" ஆனால் கூட்டம் நிறைவுற்றதாக அதற்கு அரை நிமிடம் முன்பே அறிவித்திருந்தார்கள், நிறைவுக்குப் பின் பேசப்படுபவை குறிப்பில் ஏறா. அளவை அதிகாரி மட்டும் கடமை உணர்வோடு கடைசிக் கட்டத்தை நிரப்பினார்: "இரண்டு மணி நேரம் நின்ற பின்னும் குரல் வலிமை: மிக நன்று."

ஆறாவது கப்பல் அடுத்த மாதம் வந்தது. சந்து அதற்கு முந்தைய வாரமே விடுவிக்கப்பட்டிருந்தது. பதினொரு வீட்டுக்காரர்களும் பெருநிலக் கரைக்குப் போய்விட்டதால் தீவினரிடமிருந்து வரும் புகார்கள் குறைந்திருப்பதை வாரியம் ஆண்டறிக்கையில் முன்னேற்றமாகக் குறித்தது. பரவால்லவின் வேலை மட்டும் தீவில் இருந்தது. கரையில் ஓர் ஒற்றை அறை. அதில் பாதியைத் தையல் இயந்திரம் எடுத்துக்கொண்டது. தினமும் காலையில் அவர் இரண்டு மணி நேரம் படகில் வரவேண்டும். தீவில் வீடில்லாதவர் எவரும் சட்டப்படி வருகையாளர் என்பதால், துறையில் அவருடைய மணிக்கட்டிலும் பச்சைப் பட்டை கட்டினார்கள். அன்றன்றைய வருகையாளர் கணக்கில் அவரும் ஒருவர். மாலையில் திரும்பும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள்: "மீண்டும் வருவீர்களா?" அதற்கு ஒரே ஒரு கட்டம் இருந்தது.

ஒருநாள் தைத்து முடித்த சீருடை மூட்டையோடு மனைவியும் படகில் வந்தாள். துறையின் மேலே, கப்பலிலிருந்து இறங்குகிறவர்கள் முதலில் பார்க்கும் இடத்தில், பெரிய பலகை ஒன்று இருந்தது. சந்து இருந்தபோது எடுத்த படம்; கையில் மரக்கன்றுடன் பரவால்ல; கீழே கொட்டை எழுத்தில், "பரவாயில்லாமல் இருக்கிறது! - ஒரு தீவினர்." மனைவி அதைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

படகு துறையில் முட்டி நின்ற குலுக்கலில், முன்னால் நின்ற வருகையாளரின் சூட்கேஸ் கைதவறிப் பரவால்லவின் காலில் விழுந்தது. அதே பெருவிரல்.

வருகையாளர் பதறிப்போனார். பண்பான மனிதர். இரண்டு கைகளாலும் மன்னிப்புக் கேட்டார். பரவால்லவின் வாய் திறந்தது. மனைவி திரும்பினாள். திறந்த வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. பழைய சொல்லும் வரவில்லை, புதிய சொல்லும் வரவில்லை. படகு காலியாகிக்கொண்டிருந்தது.

அந்த மௌனத்தைத் தாங்க முடியாத வருகையாளர் சட்டைப் பையிலிருந்து வாரியத்தின் கையடக்க நூலை எடுத்தார். "தீவில் பயன்படும் ஐந்து சொற்கள்" என்ற பக்கத்தைப் பிரித்து, விரல்வைத்துத் தேடி, முதலாவது சொல்லை மனத்துக்குள் ஒருமுறை ஒத்திகை பார்த்துக்கொண்டார். பிறகு பரவால்லவின் தோளில் அன்போடு தட்டி, ஓர் எழுத்தும் கூடாமல், ஓர் எழுத்தும் குறையாமல் சொன்னார்:

"பரவாயில்லை."